பிஈ4259-க்கு பதிலா ஏஎஸ்179 போட்டா ஏன் டிரான்ஸ்மிட் மட்டும் அடி வாங்குது? ஆர்எஃப் ஸ்விட்ச் டேட்டாஷீட்டை எப்படி படிக்கணும்

உங்க கேள்வியை மேலோட்டமா பாத்தா "ரெண்டு ஸ்விட்ச்ல எதுக்கு இன்சர்ஷன் லாஸ் கம்மி"ன்னு கேக்குற மாதிரி இருக்கு, அதாவது சிக்னல் ஸ்விட்சை தாண்டும்போது வீணாகுற பவர் எதுல கம்மின்னு, ஆனா முழுசா படிச்சா நீங்க கேக்குறது வேற. எஸ்எக்ஸ்1262 ரேடியோ சிப் வச்சு 865 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு லோரா (கம்மி பவர்ல ரொம்ப தூரம் போற ரேடியோ முறை) போர்டு பண்ணிருக்கீங்க, அதுல ஆன்டெனாவை டிரான்ஸ்மிட், ரிசீவ்னு மாத்தி விடுற பிஈ4259 ஸ்விட்ச் இருந்துச்சு, இந்த பேட்ச்க்கு அது கிடைக்கல, அதே ஆறு கால் எஸ்சி-70 பேக்கேஜ்ல ஸ்கைவொர்க்ஸோட ஏஎஸ்179-92 கிடைச்சுது, லாஸ், ஐசொலேஷன் (ஆஃப்ல இருக்குற பக்கத்துக்கு சிக்னல் கசியாம தடுக்குற அளவு), தாங்குற பவர் மூணும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்குன்னு அதை போட்டீங்க. ரிசீவ் பழைய மாதிரியே இருக்கு, டிரான்ஸ்மிட் மட்டும் தெருமுனையை தாண்டல. ஃபர்ம்வேர்ல ஒரு வரி கூட மாத்தல. "நான் எந்த ஸ்பெக்கை கவனிக்காம விட்டேன்?" இதுதான் உங்க கேள்வி. நான் ஆர்எஃப் போர்டு டிசைன்லதான் இத்தனை வருஷமா இருக்கேன், இந்த மாதிரி சின்ன ஸ்விட்சுங்களை நிறைய போர்டுல போட்டு அளந்து பாத்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல பதிலை சொல்லிடறேன். நீங்க ஒப்பிட்டு பாத்த டேபிள்ல தப்பு எதுவும் இல்ல, அந்த நம்பருங்க எந்த நிபந்தனையில வந்துச்சுங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. பிஈ4259 சிலிக்கான், எஸ்ஓஐ (இன்சுலேட்டர் மேல சிலிக்கான்) வகை சிமாஸ். ஏஎஸ்179 கேலியம் ஆர்சினைடு பிஹெம்ட், அது வேற வகை டிரான்சிஸ்டர். வெளிய பாத்தா ரெண்டும் ஒரே ஆறு கால், ஒரே சைஸ், ஒரு பக்கம் ரெண்டு ஓரத்துல ரெண்டு ஆர்எஃப் போர்ட்டு நடுவுல கிரவுண்ட், எதிர்ப்பக்கம் நடுவுல காமன், அதோட ரெண்டு ஓரத்துலயும் கண்ட்ரோல். உள்ள ரெண்டும் வேலை செய்யுற விதமே வேற. கண்ட்ரோல் கொடுக்குற முறை, ஆர்எஃப் கால்ல டிசி இருக்கலாமா கூடாதாங்கிறது, இந்த ரெண்டு விஷயமும் டேபிள்ல நம்பரா வராது, கீழ ஃபுட்நோட்லயும் அப்ளிகேஷன் சர்க்யூட் படத்துலயும்தான் இருக்கும். அங்கதான் உங்க போர்டு மாட்டிருக்கு.

கண்ட்ரோலை முதல்ல எடுத்துக்கலாம். பிஈ4259-ஐ ரெண்டு விதமா ஓட்டலாம். ஆறாவது காலுக்கு நிரந்தரமா சப்ளை கொடுத்துட்டு நாலாவது காலை மட்டும் மேல கீழ ஆட்டறது ஒரு வழி, ரெண்டு காலுக்கும் ஒண்ணுக்கொண்ணு எதிரான லெவல் கொடுக்குறது இன்னொரு வழி. லோரா போர்டுல பெரும்பாலும் முதல் வழிதான், ஏன்னா எஸ்எக்ஸ்1262-ல டிஐஓ2 காலை ஆர்எஃப் ஸ்விட்ச் கண்ட்ரோலா செட் பண்ணிட்டா டிரான்ஸ்மிட் நேரத்துல அது தானா ஹை ஆகும், மத்த நேரம் லோ, ஒரே ஒரு ஒயர்ல வேலை முடிஞ்சுது. ஏஎஸ்179-ல இந்த ஒரு ஒயர் வசதி கிடையாது. அதுக்கு ரெண்டு கண்ட்ரோலும் வேணும், ஒண்ணு ஹை இருக்கும்போது இன்னொண்ணு லோ இருந்தே ஆகணும். இப்ப உங்க போர்டுல அதை வச்சா என்ன நடக்குதுன்னு பாருங்க. ஆறாவது கால் எப்பவும் 3.3 வோல்ட். ரிசீவ்ல டிஐஓ2 லோ, அதனால நாலாவது கால் லோ, ஒண்ணு ஹை ஒண்ணு லோ, டேட்டாஷீட் சொன்ன சரியான நிலை, ரிசீவ் அருமையா வேலை செய்யுது. டிரான்ஸ்மிட்ல டிஐஓ2 ஹை ஆகுது, இப்ப ரெண்டு காலுமே ஹை. இந்த நிலை ட்ரூத் டேபிள்லயே (எந்த லெவலுக்கு எந்த பக்கம் ஆன்னு சொல்ற அட்டவணை) கிடையாது. ரெண்டு பக்கத்துலயும் சிக்னல் வழியில இருக்குற சீரிஸ் ஃபெட்டும் (ஸ்விட்சா வேலை செய்யுற டிரான்சிஸ்டர்) சேந்து ஆன் ஆகும், உள்ள ஷன்ட் ஃபெட் இருந்தா அதுவும் ஆன் ஆகி சிக்னலை கிரவுண்டுக்கு இழுக்கும். எவ்வளவு லாஸ்னு எந்த டேட்டாஷீட்டும் சொல்லாது. ரிசீவ் ஓகே, டிரான்ஸ்மிட் மட்டும் மோசம்னு நீங்க சொன்ன அறிகுறி இதோட அச்சு அசலா பொருந்துது.

இதுல ரேஞ்ச் குறையுறதை விட எனக்கு கவலை வேற. ரெண்டு பக்கமும் திறந்திருந்தா பவர் ஆன்டெனாவுக்கு மட்டும் போகாது, ரிசீவர் காலுக்கும் போகும். ரெண்டு பக்கமும் சுத்தமா 50 ஓம்னு வச்சுக்கிட்டு கணக்கு போட்டா, ஒன்பதுல ஒரு பங்கு திரும்பி வரும், மிச்சம் சரிபாதியா பிரியும், ஆக ஒவ்வொரு பக்கத்துக்கும் மூணரை டிபி கம்மியா கிடைக்கும். நீங்க 22 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோட ஒப்பிட்டு சொல்ற பவர் அளவு) விடுறீங்கன்னா ரிசீவ் பக்கம் 18.5 டிபிஎம் ஏறும். எஸ்எக்ஸ்1262-ஓட ரிசீவ் காலுக்கு டேட்டாஷீட்ல இருக்கிற உச்சவரம்பே 10 டிபிஎம்தான். நிஜத்துல மேட்சிங் நெட்வொர்க் எல்லாம் நடுவுல இருக்குறதால இந்த நம்பர் அப்படியே வராது, ஆனா ஆபத்து நிஜம். அதனால இதை சரி பண்ற வரைக்கும் அந்த போர்டுங்கள்ல ஃபுல் பவர்ல டிரான்ஸ்மிட் பண்ணி டெஸ்ட் பண்ணாதீங்க. பவரை செட்டிங்லயே இறக்கிட்டு பாருங்க.

இப்ப ரெண்டாவது விஷயம், டிசி. இதுதான் நிறைய பேருக்கு பிடிபடாம போற இடம். கேலியம் ஆர்சினைடு பிஹெம்ட் ஃபெட் டிப்ளீஷன் வகை, அதாவது கேட்டுக்கும் சேனலுக்கும் நடுவுல வோல்டேஜ் ஜீரோன்னா அது ஆன்ல இருக்கும். ஆஃப் பண்ணணும்னா சேனலை விட கேட் நெகடிவா போகணும். ஆனா நம்ம கிட்ட போர்டுல நெகடிவ் சப்ளை கிடையாது. அதுக்கு அவங்க பண்ற வழி என்னன்னா, ஆர்எஃப் லைன் முழுசையும் டிசி-ல மிதக்க விட்டுடறாங்க. ஹை கொடுத்த கண்ட்ரோல் அந்த மொத்த லைனையும் கிட்டத்தட்ட தன்னோட லெவலுக்கு இழுத்துக்கும், அப்ப லோ கொடுத்த கேட் ஜீரோவுல இருக்கும், சேனல் ரெண்டரை மூணு வோல்ட்ல இருக்கும், ஆக கேட் சேனலை விட நெகடிவ், ஃபெட் ஆஃப். இது நடக்கணும்னா மூணு ஆர்எஃப் கால்லயும் டிசி தடுக்கிற கெபாசிட்டர் கட்டாயம் வேணும். ஒரு கால் எங்கயாவது டிசி-ல கிரவுண்டை தொட்டா, உதாரணத்துக்கு இன்வர்ட்டட் எஃப் ஆன்டெனா, இல்ல ஆன்டெனா பக்கம் ஈஎஸ்டி-க்காக (ஸ்டாட்டிக் ஷாக் பாதுகாப்பு) கிரவுண்டுக்கு போட்ட காயில், அவ்வளவுதான், சேனல் ஜீரோவுக்கு வந்துரும், ஆஃப்ல இருக்க வேண்டிய பக்கம் ஆஃப் ஆகாது, ஹை கண்ட்ரோல்ல இருந்து தேவையில்லாம கரன்ட்டும் ஓடும்.

பிஈ4259-ல இந்த தொல்லை இல்ல. எஸ்ஓஐ ஸ்விட்ச்ல ஆர்எஃப் கால் எல்லாம் ஜீரோ வோல்ட்லயே உக்காந்திருக்கும், வெளிய இருந்து டிசி வரலைன்னா கெபாசிட்டரே தேவையில்ல. அதனால அதுக்குன்னு போட்ட போர்டுல கெபாசிட்டருக்கு பேடு கூட இருக்காது. உங்க ஸ்கீமாட்டிக்ல ஸ்விட்சுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவுல என்ன இருக்குன்னு நீங்க போடல, அதனால இது உங்க போர்டுல நடக்குதான்னு இங்க இருந்து சொல்ல முடியாது. கண்ட்ரோல் பிரச்சினை கிட்டத்தட்ட நிச்சயம், டிசி பிரச்சினை இருக்க வாய்ப்பு இருக்கு, அப்படி பிரிச்சு வச்சுக்கோங்க. கண்டுபிடிக்க மல்டிமீட்டரே போதும். ரிசீவ் நிலையில ஸ்விட்சோட மூணு ஆர்எஃப் கால்லயும் டிசி அளந்து பாருங்க. ஏஎஸ்179-ல அது கண்ட்ரோல் ஹை லெவலுக்கு பக்கத்துல இருக்கணும். ஜீரோன்னு காட்டினா எங்கயோ கிரவுண்ட் ஆகுது. அளக்கும்போது ப்ரோப் வச்சா ஆர்எஃப் கெட்டுப்போகும், அதை பத்தி கவலை வேண்டாம், நமக்கு இப்ப டிசி மட்டும்தான் வேணும்.

கெபாசிட்டர் போடறதுன்னா மதிப்பை ஃப்ரீக்வன்சி பாத்து எடுக்கணும். 100 பிகோஃபேரட், 868 மெகாஹெர்ட்ஸ்ல 1.8 ஓம் சுமாருக்கு வரும், 50 ஓம் லைன்ல இது ஒண்ணுமே இல்ல. அதே 100 பிகோஃபேரட் 20 மெகாஹெர்ட்ஸ்ல 80 ஓம், சிக்னலை நல்லாவே மறிக்கும். ஏஎஸ்179 டேட்டாஷீட்ல 20 மெகாஹெர்ட்ஸ்ல இருந்தே வேலை செய்யும்னு போட்டிருப்பாங்க, அந்த கீழ் எல்லை உங்களுக்கு கிடைக்குமா இல்லையாங்கிறதை சிப்பை விட நீங்க போடுற கெபாசிட்டர்தான் தீர்மானிக்கும். உங்களுக்கு 865-ல மட்டும் வேலைங்கிறதால 47 கூட போதும்.

சரி, இப்ப நீங்க ஒப்பிட்ட நம்பருங்களுக்கு வரேன், ஏன்னா அடுத்த தடவை பார்ட்டு மாத்தும்போது இது உதவும். இன்சர்ஷன் லாஸ்னு பிஈ4259-க்கு 1000 மெகாஹெர்ட்ஸ்ல 0.35 டிபி, 2000-ல 0.5 டிபின்னு போட்டிருக்கும். 0.35 டிபின்னா நூத்துக்கு எட்டு பங்கு பவர் சூடா போகுது, 0.5-ன்னா பதினொண்ணு. ரெண்டு சிப்புக்கு நடுவுல 0.05 டிபி வித்தியாசத்தை பாத்து நீங்க முடிவெடுத்திருந்தா அதை தூக்கி ஓரமா வச்சிடுங்க, உங்க போர்டுல சாலிடர், டிரேஸ் நீளம், கனெக்டர் இதெல்லாம் சேந்து அதை விட அதிகமா சாப்பிடும். முக்கியமா பாக்க வேண்டியது, அந்த 0.35 டிபிக்கல் காலம்ல இருக்கா மேக்ஸிமம் காலம்ல இருக்காங்கிறதுதான். டிபிக்கல்ங்கிறது பைக் கம்பெனி சொல்ற மைலேஜ் மாதிரி, பொய் இல்ல, ஆனா அதே ரோடு அதே வேகம் இருந்தாதான் வரும். அது ரூம் டெம்பரேச்சர்ல, அவங்க எவாலுவேஷன் போர்டுல, போர்டோட சொந்த லாஸை கழிச்சிட்டு வந்த நம்பர். சூடு ஏற ஏற ஃபெட்டோட ஆன் ரெசிஸ்டன்ஸ் ஏறும், லாஸும் ஏறும். மே மாசம் மொட்டை மாடியில டப்பாக்குள்ள இருக்கப்போற போர்டுன்னா டெம்பரேச்சர் கிராஃபை ஒரு தடவை பாத்துடுங்க. ரிசீவ் பக்கம் இந்த லாஸ் அப்படியே நாய்ஸ் ஃபிகர்ல கூடும், ரிசீவர்க்கு முன்னாடி 0.35 டிபி போச்சுன்னா சென்சிட்டிவிட்டியும் கிட்டத்தட்ட அவ்வளவு குறையும். அதனால லாஸ் முக்கியம்தான், ஆனா அரை டிபிக்கு கீழ இருக்குற ரெண்டு பார்ட்டுல எதை எடுக்கிறதுன்னு அதை வச்சு மட்டும் முடிவு பண்ணக்கூடாது.

ஐசொலேஷன் இதை விட கவனமா படிக்க வேண்டிய நம்பர். பிஈ4259-க்கு 1000 மெகாஹெர்ட்ஸ்ல 30 டிபி, 2000-ல 20 டிபி. ஏன் இப்படி விழுதுன்னா, ஆஃப்ல இருக்குற ஃபெட் அடிப்படையில ஒரு சின்ன கெபாசிட்டர், ஃப்ரீக்வன்சி ஏற ஏற அது வழியா சிக்னல் கசியும். அதனால ஒரு ஃப்ரீக்வன்சியில சொன்ன ஐசொலேஷனை வச்சுட்டு இன்னொரு ஃப்ரீக்வன்சிக்கு நம்பவே கூடாது. 865-ல 30 டிபின்னு எடுத்துக்கிட்டா, ஆயிரத்துல ஒரு பங்கு கசியும். 22 டிபிஎம் டிரான்ஸ்மிட் பண்ணும்போது ரிசீவ் கால்ல மைனஸ் 8 டிபிஎம், 10 டிபிஎம் வரம்புக்கு ரொம்ப கீழ, நிம்மதி. இதே போர்டுல நாளைக்கு வெளிய ஒரு பவர் ஆம்ப்ளிஃபையர் சேத்து 30 டிபிஎம் விட்டா, அதாவது ஒரு வாட், கசிவு 0 டிபிஎம் ஆகும். வரம்புக்குள்ளதான், ஆனா ஆன்டெனா கழண்டு சிக்னல் முழுசா திரும்பி வந்தா என்ன ஆகும்னு அப்ப யோசிக்கணும். இந்தியாவுல 865-867 பேண்டுக்கு 2005-ல வந்த லைசன்ஸ் விலக்கு விதியில டிரான்ஸ்மிட்டர் பவர் ஒரு வாட் வரைக்கும் அனுமதி கொடுத்தாங்க, அதனால ஒரு வாட்ங்கிறது கற்பனை கணக்கு இல்ல, நிறைய பேர் போற இடம்தான்.

இந்த ஐசொலேஷன் நம்பர்ல இன்னொரு விஷயம் ஒளிஞ்சிருக்கு, உங்க கேஸ்ல இல்லைன்னாலும் இதை படிக்கிற வேற யாருக்காவது உதவும். ஸ்விட்ச் தப்பான பக்கம் திரும்பியிருந்தாலும் ரேடியோ வேலை செய்யுற மாதிரியே தெரியும். 22 டிபிஎம் 30 டிபி கசிவு வழியா போனாலும் ஆன்டெனாவுக்கு மைனஸ் 8 டிபிஎம் போய் சேரும், லோராவுக்கு அதுவே ஜாஸ்தி, மேசையில பக்கத்துல வச்ச கேட்வேக்கு பளிச்சுன்னு கேக்கும். எல்லாம் ஓகேன்னு நினைச்சு பெட்டியில போட்டு அனுப்பிடுவாங்க, சைட்டுக்கு போனா ஒண்ணும் வராது. திறந்த வெளியில 30 டிபி குறைஞ்சா தூரம் முப்பதுல ஒரு பங்கு ஆயிடும், வீடு மரம் எல்லாம் நடுவுல இருந்தா கணக்கு மாறும், ஆனாலும் அடி பலமாதான் இருக்கும். புதுசா எஸ்எக்ஸ்1262 போர்டு பண்றவங்க டிஐஓ2-ஐ ஸ்விட்ச் கண்ட்ரோலா செட் பண்ற கமாண்டை விட்டுட்டா இதே கதைதான், கேக்குறது நல்லா கேக்கும், பேசுறது மட்டும் பக்கத்துலயே நின்னுடும். ரேடியோலிப் லைப்ரரி பயன்படுத்துறவங்களுக்கு அதுக்குன்னு ஒரு ஃபங்ஷனே இருக்கு. அதனால மேசை மேல நடத்துற ரேஞ்ச் டெஸ்ட்டை நான் டெஸ்ட்டாவே எடுத்துக்கறது இல்ல, நடுவுல அட்டென்யுவேட்டர் போட்டு கேபிள்ல அளந்தாதான் நம்புவேன்.

பவர் விஷயத்துல ஒரு குழப்பம் எல்லாருக்கும் வருது. பிஈ4259-க்கு ஒரு டிபி கம்ப்ரஷன் 33.5 டிபிஎம்னு முதல் பக்கத்துல போட்டிருக்கும், அதை பாத்துட்டு ரெண்டு வாட் வரைக்கும் விடலாம்னு நினைக்கக்கூடாது. ஒரு டிபி கம்ப்ரஷன்ங்கிறது ஸ்விட்ச் திணற ஆரம்பிச்ச இடம், விடக்கூடிய பவர் எவ்வளவுன்னு அப்சல்யூட் மேக்ஸிமம், ஆபரேட்டிங் ரேஞ்ச் ரெண்டு டேபிள்லயும் தனியா பாக்கணும். அதுக்கும் நிபந்தனை இருக்கு, 50 ஓம் லோடு, குறிப்பிட்ட சப்ளை. 30 டிபிஎம்னா 50 ஓம்ல பீக் 10 வோல்ட். ஆன்டெனா கழண்டா அதே இடத்துல அலை திரும்பி வந்து கூடி 20 வோல்ட் ஆகும், அதை தாங்க வேண்டியது ஆஃப்ல இருக்குற ஃபெட்டுங்க. எஸ்ஓஐ-ல ஒரு ஃபெட் ரெண்டு மூணு வோல்ட்டுக்கு மேல தாங்காது, அதனால வரிசையா நிறைய ஃபெட்டை அடுக்கி வச்சுதான் செய்வாங்க. கேலியம் ஆர்சினைடுல கண்ட்ரோல் வோல்டேஜ் எவ்வளவோ அதை பொறுத்துதான் பவர் தாங்கும், 5 வோல்ட்ல சொன்ன கம்ப்ரஷன் நம்பர் 3 வோல்ட்ல வராது, 1.8-ல சுத்தமா வராது. நீங்க ரெண்டு டேட்டாஷீட்டை பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கும்போது எந்த வோல்டேஜ்ல எடுத்த நம்பர்னு பாக்காம ஒப்பிட்டா அந்த ஒப்பீடே செல்லாது. உங்க லோரா சிக்னல் உயரம் மாறாத அலை, அதனால உங்களுக்கு 22 டிபிஎம்னா எப்பவும் 22 டிபிஎம்தான், கம்ப்ரஷனுக்கு பக்கத்துல கூட போகாது. வைஃபை மாதிரி சிக்னல்னா சராசரியை விட பீக் ரொம்ப மேல போகும், அங்க 0.1 டிபி கம்ப்ரஷன் நம்பரை தேடணும்.

ஹார்மோனிக் பத்தி ஒரு வார்த்தை. எந்த செமிகண்டக்டர் ஸ்விட்சும் கொஞ்சம் ஹார்மோனிக் உண்டாக்கும், 865-க்கு அது 1730, 2595-னு வரும். சிப் பக்கம் எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டாலும் அதுக்கு அப்புறம் இருக்குற ஸ்விட்ச் புதுசா உண்டாக்குறதை அது தடுக்காது. அதனால ஆன்டெனா பக்கம் ஒரு பை ஃபில்டருக்கு இடம் விட்டு வைங்க, தேவைப்படலைன்னா ஜீரோ ஓம் போட்டுக்கலாம். ஸ்விட்ச்சிங் நேரம் உங்களுக்கு பிரச்சினையே இல்ல, இந்த சிப்புங்க ஒண்ணு ரெண்டு மைக்ரோசெகண்டுக்குள்ள மாறிடும், எஸ்எக்ஸ்1262-ல பவர் ஏத்துற ரேம்ப் நேரமே குறைஞ்சது 10 மைக்ரோசெகண்ட். வெளிய பவர் ஆம்ப் வச்சா மட்டும் ஸ்விட்ச் முதல்ல, ஆம்ப் அப்புறம்ங்கிற வரிசையை ஃபர்ம்வேர்ல உறுதி பண்ணுங்க. ஏன்னா இந்த சின்ன ஸ்விட்சுங்க பெரும்பாலும் ரிஃப்ளெக்டிவ் வகை, ஆஃப்ல இருக்குற போர்ட்டுக்கு உள்ள 50 ஓம் டெர்மினேஷன் இருக்காது, வந்த பவர் அப்படியே ஆம்ப் மேலயே திரும்பி அடிக்கும்.

கண்ட்ரோல் லெவலையும் பாருங்க. பிஈ4259 சாதாரண சிமாஸ் லாஜிக், ஹைன்னு எடுத்துக்க சப்ளையில 70 சதவீதம் வேணும். சப்ளை 3.3 வோல்ட்னா 2.3 வோல்ட்டுக்கு மேல வரணும். 1.8 வோல்ட்ல ஓடுற கண்ட்ரோலர்ல இருந்து ஒயர் இழுத்தா சில போர்டுல வேலை செய்யும் சில போர்டுல செய்யாது, அந்த மாதிரி பிரச்சினையை துரத்துறது ரொம்ப கொடுமை. ஸ்விட்சோட சப்ளையையும் அதே 1.8-ல கொடுத்துட்டா தீர்ந்துச்சு, அந்த சிப்போட குறைஞ்சபட்ச சப்ளை 1.8. இன்னொண்ணு, பேட்டரி மிச்சம் பிடிக்கலாம்னு ஸ்விட்ச் சப்ளையை ஆஃப் பண்ணிட்டு ஆர்எஃப் விடாதீங்க, சப்ளை இல்லாத எஸ்ஓஐ ஸ்விட்ச்ல லாஸ், ஐசொலேஷன், பவர் எதுக்கும் உத்தரவாதம் கிடையாது. அது குடிக்கிற கரன்ட் மைக்ரோ ஆம்பியர் கணக்குதான்.

லேஅவுட்டை நீங்க கேக்கல, ஆனா ஐசொலேஷன் நம்பர் கிடைக்கிறதும் கிடைக்காததும் அங்கதான் இருக்கு. 1.6 மில்லிமீட்டர் கனத்துல ரெண்டு லேயர் எஃப்ஆர்4 போர்டுன்னா 50 ஓம் டிரேஸ் மூணு மில்லிமீட்டர் அகலம் வரும். எஸ்சி-70-ல கால் இடைவெளியோ 0.65 மில்லிமீட்டர். மூணு மில்லிமீட்டர் ரோட்டை அந்த இடத்துல எப்படி குறுக்கினாலும் இம்பிடன்ஸ் துள்ளும், ரெண்டு டிரேஸும் பக்கத்துல பக்கத்துல ஓடி தங்களுக்குள்ளயே கசியும், அப்புறம் சிப்புக்குள்ள 30 டிபி இருந்து என்ன பிரயோஜனம். நாலு லேயர் போட்டு மேல் லேயருக்கு 0.2 மில்லிமீட்டர் கீழ கிரவுண்ட் வச்சா டிரேஸ் 0.4 மில்லிமீட்டருக்கு பக்கத்துல வந்துரும், எல்லாம் சுலபமா உக்காரும். அப்புறம் கிரவுண்ட் கால், ரெண்டாவது கால். அதை ஒரு நீளமான டிரேஸ்ல இழுத்துட்டு போய் ஒத்தை வயா-வுல (லேயருக்கு லேயர் இணைக்குற ஓட்டை) இறக்குறவங்க இருக்காங்க. 1.6 மில்லிமீட்டர் போர்டுல ஒரு வயா சுமாரா ஒரு நானோஹென்ரி, 865-ல அது அஞ்சரை ஓம். ஷன்ட் ஃபெட் கசிவை எல்லாம் கிரவுண்டுக்கு தள்ளத்தான் இருக்கு, அந்த கிரவுண்டே அஞ்சரை ஓம் தள்ளி இருந்தா அது எங்க தள்ளும்? பேடுக்கு ஒட்டியே ரெண்டு மூணு வயா போடுங்க.

நீங்க நானோவிஎன்ஏ (ஆர்எஃப் லாஸ், ஐசொலேஷன் எல்லாம் அளக்குற சின்ன கருவி) இருக்குன்னு சொன்னீங்க, நல்லது. பழைய மாடல் 900 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், 300-க்கு மேல ஹார்மோனிக் வச்சு அளக்குறதால டைனமிக் ரேஞ்ச் குறையும், ஆனாலும் 865-ல 30 டிபி ஐசொலேஷனை பாக்க அது போதும். 60 டிபி பாக்கணும்னா போதாது. ஸ்விட்ச் மட்டும் இருக்குற ஒரு காலி போர்டை எடுத்து மூணு போர்ட்டுலயும் சின்ன கோஆக்ஸ் சாலிடர் பண்ணி, அளக்காத போர்ட்டுல 50 ஓம் போட்டு அளங்க. அந்த 50 ஓம் போடலைன்னா வர்ற நம்பருக்கு அர்த்தமே இல்ல. கோஆக்ஸோட லாஸை முதல்ல ரெண்டையும் நேரா சேத்து அளந்து கழிச்சுக்கோங்க, இல்லைன்னா 0.35 டிபி ஸ்விட்ச்சு ஒரு டிபியா காட்டும், சிப் போலின்னு நினைச்சுப்பீங்க. போலி பார்ட்டும் மார்க்கெட்ல இருக்குறது உண்மைதான், ஆனா உங்க அறிகுறிக்கு அது தேவையே இல்லாத விளக்கம்.

இப்ப என்ன பண்ணலாம். ஏற்கனவே ஏஎஸ்179 ஒட்டின போர்டை காப்பாத்தணும்னா, ஆறாவது காலுக்கு வர்ற சப்ளை டிரேஸை வெட்டி, டிஐஓ2-வோட தலைகீழ் சிக்னலை அங்க கொடுக்கணும். 74எல்விசி1ஜி04 மாதிரி ஒத்தை கேட் இன்வர்ட்டர் ஒண்ணு போதும், இல்ல கண்ட்ரோலர்ல காலியா ஒரு கால் இருந்தா ஃபர்ம்வேர்லயே டிஐஓ2-க்கு எதிரா ஆட்டிக்கலாம், ஆனா ரெண்டும் ஒரே நேரத்துல மாறாதுங்கிறதால இன்வர்ட்டர்தான் எனக்கு பிடிக்கும். அதோட மூணு ஆர்எஃப் லைன்லயும் டிரேஸை வெட்டி 0402 சைஸ்ல 47 இல்ல 100 பிகோஃபேரட் சிஓஜி கெபாசிட்டர் உக்கார வைக்கணும், ஏற்கனவே மேட்சிங்ல சீரிஸ் கெபாசிட்டர் இருக்குற லைன்ல தேவையில்ல, ஆனா ஸ்விட்சுக்கும் அந்த கெபாசிட்டருக்கும் நடுவுல கிரவுண்டுக்கு காயில் எதுவும் இல்லாம இருக்கணும். அஞ்சாறு போர்டுன்னா இதை உக்காந்து பண்ணலாம். நூறு போர்டுன்னா நான் பண்ண மாட்டேன், ஸ்விட்சை ஹாட் ஏர்ல கழட்டிட்டு பிஈ4259-க்கே காத்திருப்பேன், இல்ல ஒரே கண்ட்ரோல் ஒயர்ல ஓடுற, ட்ரூத் டேபிள் ஒத்துப்போற வேற எஸ்ஓஐ பார்ட்டு தேடுவேன். தேடும்போது ஒரு குறிப்பு, பிஈ4259 பெரெக்ரின் செமிகண்டக்டரோடது, 2014-ல முராட்டா அந்த கம்பெனியை வாங்கி இப்ப பேரு பிசெமி, அதனால பழைய டேட்டாஷீட்ல ஒரு பேரும் விக்கிறவங்க கிட்ட வேற பேரும் இருக்கும், ரெண்டும் ஒரே பார்ட்டுதான்.

போர்டை வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் செலவு பண்ணி ஆறாவது கால், நாலாவது கால், அப்புறம் மூணு ஆர்எஃப் கால், இதுல ரிசீவ்ல ஒரு தடவை, பவர் இறக்கி டிரான்ஸ்மிட்ல ஒரு தடவை டிசி அளந்து இங்க போடுங்க. டிரான்ஸ்மிட்ல நாலும் ஆறும் ரெண்டுமே 3.3 காட்டினா நான் சொன்ன கண்ட்ரோல் பிரச்சினை உறுதி. நாலாவது கால் ஹை ஆகவே இல்லைன்னா நான் சொன்ன காரணம் தப்பு, டிஐஓ2 ஒயரையும் செட்டிங்கையும் பாக்கணும். ஸ்விட்ச்ல இருந்து ஆன்டெனா வரைக்கும் உள்ள ஸ்கீமாட்டிக்கையும் சேத்து போட்டா கெபாசிட்டர் எந்தெந்த லைனுக்கு வேணும்னு குறிச்சு தரேன்.